ஹோவர்ட் சட்டக் கல்லூரி: மூடிய ஒரு கதவும், திறந்த பல கதவுகளும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1930-ல் அமெரிக்காவில் வக்கீல்கள் சுமார் 1,60,000 பேர். அதாவது ஏறக்குறைய 770 பேருக்கு ஒரு வக்கீல். அதே ஆண்டில் அந்த நாட்டின் கறுப்பின மக்கள் 1 கோடியே 19 லட்சம் பேர். கறுப்பின வக்கீல்கள் எத்தனை பேர்? சுமார் 1,200 பேர்தான். ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவர்!

இந்த 1,200 பேரிலும் பாதிக்கு மேல் வடக்கு நகரங்களில்தான் இருந்தார்கள். ஆனால் கறுப்பின மக்களில் முக்கால்வாசிக்கு மேல் வாழ்ந்தது தெற்கு மாநிலங்களில். தனிப் பள்ளிக்கூடம், தனி ரயில் பெட்டி, தனித் தண்ணீர்க் குழாய், ஓட்டுரிமை பறிப்பு என்று சட்டத்தின் பெயராலேயே எல்லாம் நடந்த மாநிலங்கள் அவை. எங்கே வக்கீல் அதிகம் தேவையோ அங்கேதான் வக்கீல் இல்லை.

ஏன் இல்லை? தெற்கு மாநிலங்களின் அரசு சட்டக் கல்லூரிகள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. வடக்கில் சில கல்லூரிகள் சேர்த்தன, அதுவும் ஒருவர் இருவராக. கறுப்பின வக்கீல்களைப் பெரிய எண்ணிக்கையில் உருவாக்கியது ஒரே ஒரு கல்லூரிதான். வாஷிங்டன் நகரில் இருக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி. (ஹார்வர்ட் அல்ல, ஹோவர்ட்! பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்தக் காலத்தில் இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.)

அந்தக் கல்லூரி 1929-க்குப் பிறகு எடுத்த ஒரு கசப்பான முடிவும், அதனால் யாருக்கு என்ன கிடைத்தது, யார் எதை இழந்தார்கள் என்பதும்தான் இந்தக் கட்டுரை.

ஆறு மாணவர்களும் மாலை வகுப்பும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. அடிமைகளாக இருந்தவர்கள் விடுதலை பெற்றார்கள். அவர்களுக்கு உதவ அரசு அமைத்த அலுவலகத்தின் தலைவர் ஜெனரல் ஆலிவர் ஹோவர்ட். அவர் பெயரில் 1867-ல் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. 1869 ஜனவரியில் அதன் சட்டத் துறை திறக்கப்பட்டது. முதல் நாள் வந்த மாணவர்கள் ஆறே பேர்.

அதன் முதல் டீன் ஜான் மெர்சர் லாங்ஸ்டன். அவர் வக்கீலான கதையே ஒரு பாடம். எந்தச் சட்டக் கல்லூரியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே ஒரு வக்கீலிடம் தனியாகப் படித்து, 1854-ல் ஒஹையோ மாநிலத்தில் வக்கீலாகப் பதிவு செய்தார். கல்லூரி வாசலைத் தாண்ட முடியாதவர்தான் ஒரு கல்லூரியைத் தொடங்கி வைத்தார்.

ஹோவர்டில் ஆரம்பம் முதலே இனம், பால் என்று எந்தத் தடையும் இல்லை. வெள்ளையரும் சேரலாம், பெண்களும் சேரலாம். வகுப்புகள் மாலையில் நடந்தன. வாரத்துக்கு மூன்று மாலைகள், ஆசிரியர்களின் வீட்டிலோ அலுவலகத்திலோ. பகலில் எல்லோருக்கும் வேலை இருந்ததே! மாணவர்களில் பலர் அரசு அலுவலகங்களில் குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள். பாடம் நடத்தியவர்களும் பகலில் கோர்ட்டுக்குப் போகும் வக்கீல்கள், நீதிபதிகள்.

1872-ல் இங்கே படித்து முடித்த ஷார்லட் ரே அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் வக்கீல். மேரி ஆன் ஷாட் கேரி என்ற பத்திரிகையாசிரியை பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு மாலையில் இங்கே வந்து படித்தார். 1883-ல் பட்டம் வாங்கும்போது அவருக்கு வயது 60! மாலை வகுப்பு என்ற ஏற்பாடு இல்லாவிட்டால் இதெல்லாம் நடந்திருக்காது.

பட்டம் கிடைத்தது சரி, வேலை கிடைத்ததா? ஷார்லட் ரே வாஷிங்டனில் அலுவலகம் திறந்தார். சட்ட அறிவில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் கட்சிக்காரர்கள் வரவில்லை. கறுப்பினத்தவர், அதுவும் பெண் என்றால் யார் வழக்கைக் கொடுப்பார்கள்? சில ஆண்டுகளில் கடையைக் கட்டிவிட்டு நியூயார்க் போய், புரூக்ளினில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தார். ஒரு பட்டத்தின் மதிப்பு அதைப் படித்தவர் கையில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் தேட வேண்டியதில்லை.

சங்கத்தில் இடமில்லை, விதி மட்டும் உண்டு

அறுபது ஆண்டுகள் இப்படியே ஓடின. 1920-களில் நிலைமை மாறியது. அமெரிக்கன் பார் அசோசியேஷன் என்ற தேசிய வக்கீல்கள் சங்கம் 1921-ல் சட்டக் கல்லூரிகளுக்குச் சில தகுதிகளை அறிவித்தது. சேருவதற்கு முன் இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பு வேண்டும். சட்டப் படிப்பு முழுநேரமாக மூன்று ஆண்டுகள், பகுதிநேரம் என்றால் இன்னும் அதிக ஆண்டுகள். போதுமான நூலகம் வேண்டும். முழுநேர ஆசிரியர்கள் வேண்டும். இந்தத் தகுதிகள் உள்ள கல்லூரிகளுக்குத்தான் அங்கீகாரம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இந்த விதிகளால் முதலில் அடிபட்டவை ஏழைகளும் குடியேறிகளும் கறுப்பினத்தவரும் படித்த இரவுக் கல்லூரிகள். இரண்டு, விதி போட்ட சங்கமே கறுப்பின வக்கீல்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. 1912-ல் மூன்று கறுப்பின வக்கீல்கள் தெரியாமல் உறுப்பினராக்கப்பட்டுவிட்டார்கள் என்று பெரிய ரகளை நடந்தது. அதன் பிறகு விண்ணப்பத்தில் இனத்தைக் குறிப்பிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். உறுப்பினராவதற்கு இனம் தடையில்லை என்ற தீர்மானம் 1943-ல்தான் வந்தது. இடையில் கறுப்பின வக்கீல்கள் 1925-ல் நேஷனல் பார் அசோசியேஷன் என்று தங்களுக்கென ஒரு சங்கம் ஆரம்பித்துக்கொண்டார்கள்.

ஆக, உள்ளே விடாத சங்கத்திடம் போய் அங்கீகாரம் வாங்க வேண்டிய நிலை ஹோவர்டுக்கு.

1926-ல் மார்டகாய் ஜான்சன் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினத் தலைவரானார். உச்ச நீதிமன்ற நீதிபதி லூயி பிராண்டைஸ் அவரிடம், கறுப்பின மக்களின் வழக்குகள் சரியான தயாரிப்பு இல்லாமல் உச்ச நீதிமன்றம் வருகின்றன, முழுநேரக் கல்லூரி ஒன்றை உருவாக்குங்கள் என்று அறிவுரை சொன்னதாகச் சொல்வார்கள். 1928-ல் ஹோவர்டுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வழிசெய்து அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத் திருத்தம் செய்தது. பணம் வந்தது. இனி ஆள் வேண்டும்.

சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்

அந்த ஆள் வாஷிங்டனிலேயே இருந்தார். சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன், 1895-ல் பிறந்தவர். ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்று, முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரியாகப் போனார். அங்கே கறுப்பின வீரர்களுக்கு நடந்த அநியாயங்களைக் கண்ணால் பார்த்துவிட்டு, உயிரோடு திரும்பினால் சட்டம் படித்துப் போராடுவது என்று முடிவு செய்தார். ஹார்வர்டில் சட்டம் படித்தார். அங்கே புகழ்பெற்ற ஹார்வர்ட் லா ரிவ்யூ இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1923-ல் சட்டத்தில் டாக்டர் பட்டம். பிறகு அப்பாவோடு சேர்ந்து வாஷிங்டனில் வக்கீல் தொழில், கூடவே ஹோவர்டில் பகுதிநேர ஆசிரியர் வேலை.

1929-ல் அவரைத் துணை டீனாக நியமித்தார்கள். பெயரளவில் டீன் வேறொருவர், பொறுப்பு முழுக்க இவருடையது.

ஹூஸ்டன் செய்த முதல் பெரிய காரியம் இரவுக் கல்லூரியை மூடியது!

அங்கீகார விதிகள் மாலை வகுப்பை நேரடியாகத் தடை செய்யவில்லை. ஆண்டுகளை நீட்டினால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே நேரத்தில் பகலிலும் இரவிலும் நல்ல கல்லூரி நடத்த ஹோவர்டிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. இரண்டும் அரைகுறையாவதற்குப் பதில் ஒன்றை உருப்படியாகச் செய்வது என்பது அவருடைய முடிவு.

எதிர்ப்பு பலமாக இருந்தது. பழைய மாணவர்கள் கொதித்தார்கள். காரணம் இருந்தது. அவர்கள் எல்லோரும் பகலில் வேலை, மாலையில் படிப்பு என்று வந்தவர்கள். இனி சட்டம் படிக்க ஆசைப்படும் ஒரு குமாஸ்தா என்ன செய்வார்? வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் சும்மா படிக்க அவருக்கு யார் சோறு போடுவார்கள்? அதுவும் பொருளாதாரப் பெருமந்தம் ஆரம்பித்த நேரத்தில்!

இதில் இன்னொரு விஷயம். ஹூஸ்டனின் அப்பா வில்லியம் ஹூஸ்டனும் வக்கீல் என்று பார்த்தோம். அவர் எங்கே சட்டம் படித்தார் தெரியுமா? பகலில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்துக்கொண்டே, இதே ஹோவர்டின் மாலை வகுப்பில். அப்பா ஏறிவந்த ஏணியை மகன் எடுத்துவிட்டார் என்று அன்றைக்குச் சிலர் நினைத்திருந்தால் அதைத் தவறு என்று சொல்ல முடியாது.

ஆனால் ஏணி முழுக்கப் போய்விடவில்லை. 1931-ல் வாஷிங்டனின் சில கறுப்பின வக்கீல்கள் சேர்ந்து, பகலில் வேலை பார்ப்பவர்களுக்காக ராபர்ட் டெரல் சட்டக் கல்லூரி என்று ஒரு மாலைக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அது 1950 வரை நடந்தது. ஹோவர்டின் புகழ்பாடும் கட்டுரைகளில் இந்தக் கல்லூரியின் பெயரைப் பார்ப்பது அபூர்வம்.

இரும்புச் செருப்பு

அந்த விலையைக் கொடுத்து வாங்கியது என்ன?

சேர்க்கை கடுமையானது. முழுநேர ஆசிரியர்கள் வந்தார்கள். ஹார்வர்டில் படித்த வில்லியம் ஹேஸ்டி 1930-ல் சேர்ந்தார். நூலகம் வளர்ந்தது. 1931 முடிவதற்குள் பார் அசோசியேஷனின் அங்கீகாரம், அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் கூட்டமைப்பின் உறுப்பினர் இடம் இரண்டும் கிடைத்தன.

மாணவர்கள் ஹூஸ்டனுக்கு வைத்த பட்டப்பெயர் 'இரும்புச் செருப்பு'. முதல் நாள் வகுப்பில், வலப்பக்கம் இருப்பவரைப் பார், இடப்பக்கம் இருப்பவரைப் பார், அடுத்த வருடம் உங்களில் இரண்டு பேர் இருக்கமாட்டீர்கள் என்கிற மாதிரி பேசுவாராம். டாக்டர் தப்பு செய்தால் மண்ணுக்குள் புதைத்துவிடலாம், வக்கீலின் தப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்றும் சொல்வாராம். இதையெல்லாம் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவர் அவருடைய மாணவர் தர்குட் மார்ஷல். மார்ஷலின் பேட்சில் சுமார் முப்பது பேர் சேர்ந்து, கடைசியில் பட்டம் வாங்கியவர்கள் பத்துக்கும் குறைவு.

மிரட்டல் மட்டும் இல்லை. மாணவர்களைக் கோர்ட்டுக்கும் சிறைச்சாலைக்கும் கூட்டிப்போய் நேரில் காட்டினார்கள். கிளாரன்ஸ் டாரோ போன்ற பிரபல வக்கீல்களும், ஹார்வர்ட் டீன் ரோஸ்கோ பவுண்டும் வந்து பேசினார்கள். அரசியலமைப்புச் சட்டத்தில் கறுப்பின மக்களுக்கு இருக்கும் உரிமைகளை எப்படிக் கோர்ட்டில் நிலைநாட்டுவது என்பதே பாடத்தின் மையம். வக்கீல் என்பவர் சமூகத்தைச் சீர்செய்யும் இன்ஜினியராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் ஓர் ஒட்டுண்ணி என்பது ஹூஸ்டனின் கொள்கை. 1938-ல் ஜேம்ஸ் நேப்ரிட் இங்கே நடத்திய சிவில் உரிமைச் சட்ட வகுப்புதான் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளிலேயே முதலாவது என்று கருதப்படுகிறது.

மார்ஷல் ஹோவர்டுக்கு ஆசைப்பட்டு வந்தவர் அல்ல. அவர் ஊர் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர். மாநிலப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி அவர் ஊரிலேயே இருந்தது. ஆனால் அங்கே கறுப்பினத்தவருக்கு இடமில்லை. எனவே விடியற்காலையில் எழுந்து, சுமார் 60 கிலோமீட்டர் ரயிலில் வாஷிங்டன் போய்ப் படித்துவிட்டு இரவு திரும்புவார். கட்டணம் கட்ட அவருடைய அம்மா கல்யாண மோதிரத்தை அடகு வைத்தார். தாலியை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் கதை நம் ஊரில் மட்டும் இல்லை போலிருக்கிறது. 1933-ல் மார்ஷல் முதல் மாணவராகத் தேறினார். இரண்டாவதாகத் தேறியவர் அவருடைய நண்பர் ஆலிவர் ஹில்.

முதல் இடம், முதல் வருடம், நஷ்டம்

முதல் மாணவருக்கு என்ன வேலை கிடைத்தது? வெள்ளையர்களின் பெரிய சட்ட நிறுவனங்கள் கறுப்பினத்தவரை எடுக்கவில்லை. அரசு வக்கீல் பதவிகளும் அரிது. மிச்சம் இருந்தது சொந்தத் தொழில். கறுப்பினக் கட்சிக்காரர்களிலேயே பலர் வெள்ளை வக்கீலிடம் போனார்கள். நீதிபதி அவர் பேச்சைத்தான் கேட்பார் என்ற கணக்கு. அந்தக் கணக்கிலும் பாவம், நியாயம் இருந்தது. வாஷிங்டன் நீதிமன்றக் கட்டடத்தில் இருந்த வக்கீல்கள் சங்க நூலகத்தில்கூட 1940-களின் தொடக்கம் வரை கறுப்பின வக்கீல்களுக்கு அனுமதியில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு நிமிடத்தில் எடுக்கும் தீர்ப்புப் புத்தகத்துக்கு இவர் ஊரைச் சுற்ற வேண்டும்.

மார்ஷல் பால்டிமோரில் அலுவலகம் திறந்தார். முதல் வருடம் நஷ்டக் கணக்கு. ஆலிவர் ஹில் வர்ஜீனியாவில் தொழில் ஆரம்பித்து, கட்டுப்படியாகாமல் மூடிவிட்டு, வாஷிங்டன் திரும்பி வெயிட்டர் வேலை பார்த்தார். 1939-ல்தான் மறுபடி ரிச்மண்ட் நகரில் தொழிலைத் தொடங்க முடிந்தது.

இன்றைக்கு ஒரு கல்லூரியை எடைபோட முதலில் கேட்கும் கேள்வி, படித்து முடித்தவுடன் எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு சம்பளம் என்பது. அந்த அளவுகோலால் 1933-ம் ஆண்டு ஹோவர்டை அளந்தால் தேறாத கல்லூரி என்றுதான் வரும். முதல் மாணவர் நஷ்டத்தில், இரண்டாம் மாணவர் ஓட்டலில்!

கல்லூரி என்றால் என்ன? கோர்ட்டில் ஒரு விசாரணை

ஆனால் அந்த இருவரும் அவர்களின் ஆசிரியரும் அடுத்த இருபது ஆண்டுகளில் செய்த வேலை வேறு. அதன் ஆரம்பமும் ஒரு சட்டக் கல்லூரி அட்மிஷன்தான்.

1935-ல் டொனால்ட் முர்ரே என்ற கறுப்பின இளைஞர் மேரிலாந்து சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். மார்ஷலுக்கு மூடப்பட்டிருந்த அதே கல்லூரி. பல்கலைக்கழகத் தலைவர் எழுதிய பதிலில் ஒரு வேடிக்கை. பக்கத்திலேயே வாஷிங்டனில் ஹோவர்ட் இருக்கிறது, அது முழு அங்கீகாரம் பெற்ற கல்லூரி, கட்டணமும் குறைவு, அங்கே போங்களேன் என்றார்! ஹூஸ்டன் பாடுபட்டு வாங்கிய அங்கீகாரமே கறுப்பினத்தவரைத் தள்ளிவிட ஒரு சாக்காகிவிட்டது.

ஹூஸ்டனும் மார்ஷலும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். மேரிலாந்தில் தொழில் செய்யப்போகிறவருக்கு மேரிலாந்து சட்டத்தையும் அதன் கோர்ட்டுகளையும் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு வெளியூரில் எப்படிக் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். மாநில அரசு வெளியூரில் படிக்க உதவித்தொகை தருகிறோம் என்றது. ஆளுக்கு 200 டாலர் வீதம் 50 பேருக்கு மட்டும். எடுபடவில்லை. 1935 ஜூனில் முர்ரேயைச் சேர்க்கும்படி உத்தரவானது. 1936 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முர்ரே 1938-ல் படித்து முடித்தார்.

அடுத்தது மிசூரி மாநிலத்தின் லாய்ட் கெய்ன்ஸ் வழக்கு. இங்கும் அதே பதில்: பக்கத்து மாநிலத்தில் படி, கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம். உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் ஹூஸ்டன். 1938 டிசம்பரில் தீர்ப்பு: வெள்ளையருக்கு மாநிலத்துக்குள் சட்டக் கல்லூரி இருந்தால், கறுப்பினத்தவருக்கும் மாநிலத்துக்குள்ளேயே சமமான வாய்ப்பு தர வேண்டும். மிசூரி என்ன செய்தது? செயின்ட் லூயிஸ் நகரில், முன்பு அழகுக்கலைக் கல்லூரியாக இருந்த கட்டடத்தில், கறுப்பினத்தவருக்கென ஒரு சட்டக் கல்லூரியை அவசரமாகத் திறந்தது. கெய்ன்ஸ் அதில் சேரவும் இல்லை, வழக்கைத் தொடரவும் இல்லை. 1939 மார்ச்சில் சிகாகோவில் ஒரு நாள் மாலை வெளியே போனவர் திரும்பவே இல்லை. அவருக்கு என்ன ஆனது என்பது இன்றுவரை தெரியாது.

மூன்றாவது வழக்குதான் உச்சம். 1946-ல் டெக்சாஸ் மாநிலத்தில் ஹெமன் ஸ்வெட் என்ற தபால்காரர் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். மறுத்தார்கள். வழக்கு வந்ததும், கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி தருகிறோம் என்று ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் சில அறைகளைக் காட்டினார்கள். பிறகு ஹூஸ்டன் நகரில் (இது ஊர்ப் பெயர், நம் ஹூஸ்டன் அல்ல) புதிய கல்லூரி ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டும் சமம்தானே என்பது மாநிலத்தின் வாதம்.

இங்கேதான் அந்தப் பழைய அங்கீகாரப் பட்டியல் திரும்பி வருகிறது. முழுநேர ஆசிரியர் எத்தனை? நூலகத்தில் புத்தகம் எத்தனை? ஹூஸ்டனின் மாணவர்களுக்கு இந்தக் கேள்விகள் மனப்பாடம். அவர்கள் கல்லூரியே அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் எழுந்து நின்றது. இப்போது அதே கேள்விகளை டெக்சாஸைப் பார்த்துக் கேட்டார்கள்.

தீர்ப்பில் பதிவான கணக்கு இது. டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் 16 முழுநேரப் பேராசிரியர்கள், 850 மாணவர்கள், 65,000 புத்தகங்கள். கறுப்பினத்தவருக்கான புதிய கல்லூரியில் 5 பேராசிரியர்கள், 23 மாணவர்கள், 16,500 புத்தகங்கள். வக்கீலாகப் பதிவு செய்த பழைய மாணவர்? ஒரே ஒருவர்!

நீதிமன்றம் இந்த எண்களோடு நிற்கவில்லை. எண்ணிக்கையில் அடங்காத விஷயங்கள்தான் ஒரு சட்டக் கல்லூரியைப் பெரிதாக்குகின்றன என்றது. ஆசிரியர்களின் பெயர், நிர்வாகத்தின் அனுபவம், பழைய மாணவர்களின் செல்வாக்கு, சமூகத்தில் அந்தக் கல்லூரிக்கு உள்ள மதிப்பு, இப்படி. மாநில மக்களில் 85 சதவீதம் பேரை ஒதுக்கிவைத்த வகுப்பில் படிப்பவர், நாளை அதே மக்களில் இருந்து வரும் வக்கீல்களையும் நீதிபதிகளையும் ஜூரிகளையும் சாட்சிகளையும் எப்படி எதிர்கொள்வார் என்று கேட்டது. ஷார்லட் ரே 1870-களில் அனுபவத்தில் கண்டதை உச்ச நீதிமன்றம் 1950 ஜூன் 5-ல் எழுதி வைத்தது. ஸ்வெட்டைச் சேர்க்க உத்தரவானது.

அந்தத் தீர்ப்பைப் பார்க்க ஹூஸ்டன் இல்லை. ஆறு வாரங்களுக்கு முன், 1950 ஏப்ரல் 22 அன்று, 54 வயதில் இறந்துவிட்டார்.

பத்து டாலர் பந்தயம்

கட்டுரை இங்கே முடிந்தால் எல்லாம் சுபம். ஆனால் ஹோவர்டுக்குள்ளும் ஒரு கோணல் இருந்தது. 1941-ல் பாலி முர்ரே என்ற பெண் அங்கே சேர்ந்தார். (டொனால்ட் முர்ரேக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். பெண்கள் ஏன்தான் சட்டம் படிக்க வருகிறார்களோ என்று ஒரு பேராசிரியர் வகுப்பிலேயே கேலி செய்தார். 1944-ல் அவர் முதல் மாணவியாகத் தேறி, மேற்படிப்புக்கு ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். ஹார்வர்ட் சட்டக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது 1950-ல்தான். வடக்கு கரோலினாவில் 1938-ல் இனத்தைக் காட்டி மறுத்தார்கள், இங்கே பாலைக் காட்டி.

ஹோவர்ட் வகுப்பில் அவர் ஒரு யோசனை சொன்னார். தனிக் கல்லூரி சமமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வழக்கிலும் புத்தகத்தை எண்ணுவதை விட்டுவிட்டு, தனியாகப் பிரிப்பதே தவறு என்று நேரடியாகத் தாக்கலாமே! வகுப்பே சிரித்தது. பேராசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனோடு, 25 ஆண்டுகளுக்குள் அந்தப் பழைய தீர்ப்பு கவிழும் என்று பத்து டாலர் பந்தயம் கட்டினார். பத்தே ஆண்டுகளில், 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் அது கவிழ்ந்தது. அதற்கான தயாரிப்பின்போது பாலி முர்ரேயின் பழைய கட்டுரையைத் தேடி எடுத்து உபயோகித்தவர் அதே ராபின்சன்தான்.

பிரவுன் வழக்கிலும் அதோடு சேர்ந்த வழக்குகளிலும் நின்றவர்களைப் பாருங்கள். மார்ஷல், ராபின்சன், ராபர்ட் கார்ட்டர், ஜார்ஜ் ஹேஸ், ஆலிவர் ஹில் எல்லோரும் ஹோவர்டில் படித்தவர்கள். நேப்ரிட் அங்கே ஆசிரியர். உச்ச நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் ஹோவர்டிலேயே மூட் கோர்ட் வைத்து, மாணவர்களும் ஆசிரியர்களும் கேள்வி கேட்க, ஒத்திகை பார்த்தார்கள். நஷ்டக் கணக்கு எழுதிய மார்ஷல் 1967-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். வெயிட்டராக இருந்த ஹில் 1948-லேயே ரிச்மண்ட் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கடைசிக் கணக்கு

மார்ஷலைச் சேர்க்காத மேரிலாந்து சட்டக் கல்லூரியின் நூலகத்துக்கு 1980-ல் அவர் பெயரையே வைத்தார்கள். ஸ்வெட்டை வெளியே நிறுத்துவதற்காக டெக்சாஸ் திறந்த கல்லூரி பிழைத்து வளர்ந்தது. 1970-களில் இருந்து அதன் பெயர் தர்குட் மார்ஷல் சட்டக் கல்லூரி. ஹோவர்ட் சட்டக் கல்லூரியின் முக்கியக் கட்டடத்துக்கு ஹூஸ்டன் பெயர். எல்லோருக்கும் ஏதோ ஒரு கட்டடம் கிடைத்தது.

வரவுப் பக்கம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது செலவுப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. இரவு வகுப்பை மூடியது சரியா தப்பா? மூடாமல் இருந்திருந்தால் முர்ரே வழக்கும் ஸ்வெட் வழக்கும் அந்த வேகத்தில் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். வக்கீல்களின் எண்ணிக்கையைக் குறைத்துத் தரத்தைக் கூட்டுவது என்ற ஹூஸ்டனின் கணக்கு பலித்தது. ஆனால் அந்தக் கணக்கில் கழிக்கப்பட்டவர்களும் மனிதர்கள். பகல் முழுக்க அரசாங்க ஃபைல்களைத் தூக்கிவிட்டு மாலையில் சட்டப் புத்தகத்தைத் திறக்க நினைத்தவர்கள். ஹூஸ்டனின் அப்பாவைப் போன்றவர்கள். அவர்களுக்காக நடந்த டெரல் கல்லூரியும் 1950-ல் நின்றுபோனது. ஹூஸ்டன் இறந்த, ஸ்வெட் ஜெயித்த அதே ஆண்டு.